'சந்தோஷமாயிருங்கள்' என்றது யாரிடம்?

தங்கச்சி, உங்கள் கேள்வியை மூன்று தடவை வாசித்தேன். மேலே, 'கஷ்டகாலத்தில் விசுவாசத்தினால் நிலையான சந்தோஷம் அடைவது எப்படி' என்று எழுதியிருக்கிறீர்கள். அது கன்வென்ஷன் நோட்டீஸில் அச்சடிக்கிற தலைப்பு மாதிரி இருக்கிறது. உண்மையான கேள்வி அதற்குக் கீழேதான் இருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் ஏறி, தையல் மெஷின் இரண்டும் சேற்றில் போயின. கடன் வாங்கி எழுந்து நிற்பதற்குள் வீட்டுக்காரர் நெஞ்சுவலியில் தவறிவிட்டார். ஆறாம் வகுப்புப் படிக்கிற பையன் இருக்கிறான். பார்க்கிறவர்கள் எல்லாம் 'கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். உங்களுக்கோ ஆராதனையில் பாட்டு ஆரம்பித்ததும் அழுகை முட்டிக்கொண்டு வருகிறது. அதனால் நாலு மாதமாகக் கோயிலுக்கே போகவில்லை. ஆக, நீங்கள் கேட்பது இதுதான்: நான் அழுவதால் என் விசுவாசம் பொய்யாகிவிட்டதா, இல்லை மற்றவர்கள் எல்லாரும் நடிக்கிறார்களா? கடைசி வரியில், இந்தக் கிறிஸ்மஸுக்கு வீட்டில் ஸ்டார் போடலாமா என்று பையன் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் வருகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. மதுரை அரசரடியில் இறையியல் படித்துவிட்டு, திருநெல்வேலிச் சீமையில் முப்பத்தோரு வருஷம் சேகர குருவாக, அதாவது சபைப் போதகராக இருந்து ஓய்வுபெற்றவன். 'சகோதரி' என்று தொடங்கினால் கை தானாகப் பிரசங்கம் எழுத ஆரம்பித்துவிடும். அதனால்தான் தங்கச்சி என்கிறேன். படிப்பும் அனுபவமும் இருப்பதால் எல்லாம் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். என் முதல் சேகரத்தில், காய்ச்சலில் போன ஒரு குழந்தையின் துட்டி வீட்டுக்குப் போனேன். எனக்கு அப்போது 27 வயது. 'கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்' என்று ஆரம்பித்தேன். அந்தத் தாய் நிமிர்ந்து பார்த்து, "ஐயா, ஒங்களுக்குப் பிள்ளை இருக்கா?" என்று கேட்டார்கள். எனக்குக் கல்யாணமே ஆகியிருக்கவில்லை. வசனம் யோபு புத்தகத்தில் இருப்பது உண்மை. ஆனால் அதைச் சொன்னது பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபு. பார்க்க வந்த சிநேகிதர் ஒருவரும் அதை அவனிடம் சொல்லவில்லை. அவர்கள் செய்த ஒரே உருப்படியான காரியம், ஏழு நாள் வாயைத் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்ததுதான். வாயைத் திறந்த பிறகு கெடுத்துவிட்டார்கள். நானும் அந்த வரிசையில் ஒருவன் என்பது எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.

இனி 'சந்தோஷமாயிருங்கள்' என்ற வசனத்துக்கு வருவோம். பிலிப்பியர் 4:4. பிலிப்பி பட்டணத்துச் சபைக்கு அப்போஸ்தலன் பவுல் காவலில் கட்டுண்டிருந்தபோது எழுதிய நிருபம். அதில் சந்தேகமில்லை, நிருபத்திலேயே இருக்கிறது. எந்த ஊர்ச் சிறை என்பதில்தான் ஆராய்ச்சியாளர்கள் ஒத்துப்போவதில்லை. ரோமாபுரி என்பது பழைய கருத்து. செசரியா என்பாரும் எபேசு என்பாரும் உண்டு. நாலே அதிகாரம் உள்ள இந்தச் சின்ன நிருபத்தில் சந்தோஷம் என்ற சொல்லும் அதன் உறவுச் சொற்களும் சுமார் பதினாறு இடத்தில் வருகின்றன. அதனால் 'சந்தோஷத்தின் நிருபம்' என்றே இதற்குப் பெயர் வைத்துவிட்டோம். ஆனால் ஒரு விஷயத்தைப் பிரசங்கபீடத்தில் நின்ற நாங்கள் யாரும் சரியாகச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். 'இருங்கள்' என்பது நம் தமிழில் மரியாதைக்கும் வரும், பன்மைக்கும் வரும். 'உட்காருங்கள்' என்று ஒரு பெரியவரிடமும் சொல்வோம், அசனப் பந்தியில் நூறு பேரைப் பார்த்தும் சொல்வோம். அதனால் 'சந்தோஷமாயிருங்கள்' என்று வாசிக்கும்போது, யாரோ நம்மைத் தனியாக நிற்க வைத்து, மரியாதையாகக் கட்டளை போடுவது மாதிரி காதில் விழுகிறது. பவுல் எழுதிய கிரேக்கத்தில் அந்த மயக்கத்துக்கு இடமில்லை. அது சுத்தமான பன்மை. முழுச் சபையையும் பார்த்துச் சொன்ன வார்த்தை. யார் அந்தச் சபை? இரத்தாம்பரம் விற்கிற லீதியாள், சிறைச்சாலைக்காரனும் அவன் வீட்டாரும், அப்புறம் எயோதியாள், சிந்திகேயாள் என்று ஒருவரோடொருவர் ஒத்துப்போகாத இரண்டு பெண்கள். அந்தப் பிணக்கைப் பற்றிப் பேசிவிட்டு, அடுத்த வசனம் தாண்டியதும் பவுல் இதை எழுதுகிறார். நம் ஊர்ப் பெண்கள் ஐக்கிய சங்கத்தைப் பார்த்துச் சொன்ன மாதிரிதான் இருக்கிறது.

இதில் உறுதி குறைவான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கிரேக்கச் சொல் அக்காலத்தில் சாதாரணமாக ஒருவரையொருவர் வாழ்த்தவும் பயன்பட்டது. அதனால் இங்கேயும் வெறும் வாழ்த்துதானோ என்று கேட்பவர்கள் உண்டு. 'எப்பொழுதும்' என்று சேர்த்திருப்பதால் சந்தோஷம் என்ற பொருளே பொருந்தும் என்பது என் கட்சி. எப்படிப் பார்த்தாலும், தனியாகப் படுக்கையில் விழித்துக்கிடக்கிற ஒரு விதவையை மடக்குவதற்கு எழுதிய வசனம் இல்லை. அதே நிருபத்தில் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். எப்பாப்பிரோதீத்து என்ற உடன் ஊழியன் சாகக் கிடந்து பிழைத்தான். அதைப் பற்றி எழுதும்போது, 'துக்கத்தின்மேல் துக்கம் எனக்கு உண்டாகாதபடிக்கு' தேவன் எனக்கும் இரங்கினார் என்கிறார் பவுல். அதாவது, ஏற்கெனவே ஒரு துக்கம் இருந்தது. அவன் செத்திருந்தால் இன்னொன்று சேர்ந்திருக்கும். எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள் என்று எழுதின அதே கை இதையும் எழுதியிருக்கிறது. இரண்டும் ஒரே ஆளுக்குள் இருந்திருக்கின்றன. அதனால் உங்கள் முதல் கேள்விக்கு என்னால் தயங்காமல் பதில் சொல்ல முடியும்: அழுகை விசுவாசக் குறைவு இல்லை. லாசருவின் கல்லறையில் இயேசு கண்ணீர் விட்டார். கொஞ்ச நேரத்தில் அவனை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்துகொண்டே விட்டார்.

இரண்டாவது கேள்வி, மற்றவர்கள் நடிக்கிறார்களா என்பது. சிலர் நடிக்கிறார்கள். நானும் நடித்திருக்கிறேன். என் மனைவி புற்றுநோயில் போன பிறகு மூன்றாம் ஞாயிறே அங்கி மாட்டிக்கொண்டு ஆராதனை நடத்தினேன். குரல் உடையவில்லை. 'ஐயா எவ்வளவு திடமாக இருக்கிறார்கள்' என்று பேசிக்கொண்டார்கள். ஓய்வுபெற்ற பிறகுதான், சாதாரண ஆளாகப் பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் எல்லாம் வெளியே வந்தது. ஒரு ஞாயிறு பாமாலைப் பாட்டு தொடங்கியது. அவளுக்குப் பிடித்த பாட்டு. எனக்கு வாய் திறக்கவில்லை. புத்தகத்தைத் திறக்காமல் நின்றேன். பக்கத்தில் நின்றவர் பனையேறி ஓய்ந்த ஒரு பெரியவர், எனக்குப் பழக்கம்கூட இல்லை. என்ன ஏது என்று கேட்கவில்லை. தன் புத்தகத்தை எனக்கும் அவருக்கும் நடுவில் பிடித்து, பாடிக்கொண்டே ஒவ்வொரு வரிக்கும் விரலை நகர்த்திக்கொண்டு வந்தார். சின்னப் பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பார்களே, அந்த மாதிரி. நகம் எல்லாம் பிளந்து கறுத்த விரல். கடைசிக் கவி வரைக்கும் நான் பாடவில்லை. விரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த ஞாயிறும் போய் அதே இடத்தில் நின்றேன். இப்படி ஏழெட்டு வாரம் போயிருக்கும். அவர் நடிக்கவில்லை என்பது எனக்கு உறுதியாகத் தெரியும்.

அப்போஸ்தலர் 16-இல் பவுலும் சீலாவும் பிலிப்பிச் சிறையில் நடுராத்திரியில் பாடின கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாங்கள் எப்போதும் பாடின இரண்டு பேரைப் பற்றியே பேசுவோம். அங்கே மற்றக் கைதிகளும் இருந்தார்கள். அவர்கள் பாடவில்லை, 'கேட்டுக்கொண்டிருந்தார்கள்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. பூமி அதிர்ந்தபோது யாருடைய கட்டு கழன்றது? 'எல்லாருடைய கட்டுகளும்' என்று இருக்கிறது. முப்பது வருஷம் பிரசங்கம் பண்ணியும் அந்தப் பெரியவரின் பக்கத்தில் நின்ற பிறகுதான் இந்த வார்த்தை என் கண்ணில் பட்டது. பாட முடியாதவருக்கு அந்த ராத்திரியில் ஒரு இடம் இருந்திருக்கிறது.

நம் சீமைச் சபையின் பிறப்பிலும் இந்தப் பன்மை இருக்கிறது. பாளையங்கோட்டையில் 1778-இல் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தாள் ஒரு விதவை. ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்கிறாள் என்று அதற்கு முன்பு ஞானஸ்நானம் மறுக்கப்பட்டவள். இரண்டு வருஷத்தில் அங்கே நாற்பது பேர் கொண்ட ஒரு சபை பதிவாகிவிட்டது. 1799-இல், மதம் மாறியதால் சொந்த ஊர்களில் இருக்க முடியாமல் துரத்தப்பட்டவர்கள் சேர்ந்து குடியேறிய இடம்தான் முதலூர். இன்றைக்கு மஸ்கோத் அல்வாவுக்குப் பெயர்போன அதே ஊர். தாவீது சுந்தரானந்தம் முன்னின்று செய்த காரியம் அது. வீடு எரிந்து, அடிபட்டு வந்தவர்களுக்கு அங்கே முதலில் கிடைத்தது பக்கத்தில் ஒரு குடிசை போட இடம். கைப்பிடி அரிசிக் காணிக்கையும் அப்படித்தான். உலை வைக்கும்போது சபைக்கென்று ஒரு பிடி எடுத்துப் போடுகிற பழக்கம். நம் வீட்டில் அடுப்பு எரியாத நாளிலும் எங்கோ ஒரு பானையில் ஒரு பிடி விழுந்துகொண்டிருக்கும். சந்தோஷமும் விசுவாசமும் அந்த மாதிரி வைத்துக்கொள்ளலாம் என்பது என் அனுபவம். உங்களால் முடியாத நாட்களில் சபை உங்களுக்காகவும் சேர்த்து விசுவாசித்துக்கொண்டிருக்கும். பிறகு உங்கள் முறை வரும்.

சரி, அப்படியானால் நிலையான சந்தோஷம் என்று ஒன்று உண்டா? உண்டு என்றே நம்புகிறேன். ஆனால் அது நாம் நினைக்கிற உருவத்தில் வருவதில்லை. பவுல் அதே நிருபத்தில் 'எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்' என்கிறார். கற்றுக்கொண்டேன் என்கிற வார்த்தையை அடிக்கோடு போடுங்கள். ஒரு ராத்திரியில் கிடைத்தது என்றில்லை. கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் சந்தோஷத்தை ஆவியின் 'கனி' என்கிறார். கனி என்றால் உங்களுக்கும் எனக்கும் பனைதான் ஞாபகம் வரும். பனங்கொட்டையை மண்ணில் பதித்தால் மேலே ஒன்றும் தெரியாது. முளை முதலில் கீழ்நோக்கித்தான் இறங்கும். அதைத்தான் பொங்கலுக்குக் கிழங்காகத் தோண்டித் தின்கிறோம். தோண்டாமல் விட்டால் பல மாதம் கழித்து ஒரு ஓலை எட்டிப் பார்க்கும். பாளை விட ஏறக்குறைய பதினைந்து வருஷம் ஆகும். சின்ன வயதில் நான் பொறுமையில்லாமல் பாத்தியைக் கிளறிப் பார்த்து ஆச்சியிடம் அடி வாங்கியிருக்கிறேன். உங்களுக்கு இன்னும் ஒரு வருஷம்கூடச் சரியாக ஆகவில்லை. இப்போதே ஓலை எங்கே என்று யாராவது கேட்டால் அவர்களுக்கு விவசாயம் தெரியாது.

டோனாவூரில் மிஷனெரியாக இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1901-இலிருந்து அங்கே பிள்ளைகளை எடுத்து வளர்த்தவர். 1931-இல் கீழே விழுந்து அடிபட்டபின், 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தார். அறையில் படுத்தபடியே புத்தகம் புத்தகமாக எழுதினார். நோயில்லாதவர்கள் நோயாளிக்கு எழுதுகிற ஆறுதல் தனக்கு ஒட்டவில்லை என்று சொன்னவர் அவர். அதனால்தான் அவர் எழுத்து படுத்திருப்பவர்களுக்கு ஒட்டியது. அவர் கல்லறையில் பெயர்க்கல் இல்லை. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி இருக்கிறது, அதில் 'அம்மா' என்று எழுதியிருக்கும். வலி அவருக்குத் தீரவில்லை. சந்தோஷம் வந்தால் வலி போய்விடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் அந்தத் தொட்டியை ஒரு தடவை போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

எனக்குப் பதில் தெரியாத இடமும் உண்டு. ஏன் உங்களுக்கு இப்படி நடந்தது என்று தெரியாது. அந்த வெள்ளத்தின்போது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. நம் பக்கத்துக்கு ஒரு வருஷத்து மழைக்கும் மேல். அது ஏன் கிறிஸ்மஸுக்கு ஒரு வாரம் முன்பு கொட்டியது என்பதற்கு வானிலைக்காரர்களிடம் பதில் இருக்கும், வேதபண்டிதர்களிடம் கிடையாது. பாவத்தினால் என்றோ சோதனை என்றோ சொல்கிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். காணிக்கை அனுப்பினால் சந்தோஷம் திரும்பும் என்று டிவியில் சொல்கிறவர்களுக்கு ஒரு பைசா அனுப்ப வேண்டாம். வருஷப்பிறப்பு ஆராதனையில் எடுக்கிற வாக்குத்தத்த அட்டையில் நல்ல வசனம் வந்ததே, அப்படியும் இப்படி ஆயிற்றே என்று நீங்கள் குமுறியிருக்கிறீர்கள். அட்டையில் அதிகம் வருகிற வசனம் எரேமியா 29:11, 'சமாதானத்துக்கேதுவான நினைவுகளே' என்பது. அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. சிறைப்பட்டுப் போன ஒரு ஜனத்துக்குச் சொன்னது. அட்டையில் இடம் போதாததால் அதை அச்சடிப்பதில்லை. அட்டைக்குப் பதிலாக 88-ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடிகிறது, கடைசி வரியில்கூட வெளிச்சம் கிடையாது. அதையும் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்கள், யாரும் வெட்டி எறியவில்லை. உங்கள் ஜெபம் இப்போது அப்படித்தான் இருக்கிறது என்றால் அதுவும் ஜெபம்தான்.

செய்ய வேண்டியதில் முதல் காரியம் சரீரத்தைப் பற்றியது. இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் விடியும்வரை தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து, சாக வேண்டும் என்று கேட்டபோது, தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்க விட்டான், எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்க விட்டான். நான் வைத்தியன் இல்லை. ஆனால் தூக்கமின்மையும் பசியின்மையும் வாரக்கணக்கில் நீடித்தால் வைத்தியரிடம் போக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. போக முடியாத நாளில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம், காசில்லை. வாழ வேண்டாம் என்ற நினைப்பு எட்டிப்பார்த்தால் அன்றைக்கே, அந்த நிமிஷமே கூப்பிடுங்கள். பக்கத்து வீட்டு மைனியையும் கூட வந்து உட்காரச் சொல்லுங்கள். மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று சொல்கிறவர்கள் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறார்களா என்று கவனியுங்கள்.

இரண்டாவது, கோயிலுக்குப் போங்கள், ஆனால் பாடுவதற்காகப் போக வேண்டாம். முதல் பாட்டு முடிந்த பிறகு போய்க் கடைசியில் உட்காருங்கள். அழுகை வந்தால் அழுங்கள். ஆசீர்வாதம் சொல்வதற்கு முன்பே எழுந்து வந்துவிட்டாலும் பரவாயில்லை, வாசலில் விசாரிப்புக்கு நிற்க வேண்டியிருக்காது. தனியாகப் போகாமல் ஒரே ஒரு ஆளோடு போங்கள், அதிகம் பேசாத ஆளாக இருந்தால் நல்லது. மூன்றாவதாக ஒன்று, இதை யாரும் சொல்ல மாட்டார்கள்: நடுவில் ஒரு நாள் பையன் ஏதாவது சொல்லி உங்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். உடனே, அவர் போய் இத்தனை நாளில் சிரிக்கிறோமே என்று குற்ற உணர்ச்சி வரும். எனக்கு வந்தது. சிரித்துவிடுங்கள்.

ஸ்டார் விஷயம். துக்கம் நடந்த வீட்டில் அந்த வருஷம் பண்டிகை கொண்டாடுவதில்லை என்பது நம் பக்கத்து வழக்கம், வேதத்தில் அப்படிச் சட்டம் ஒன்றும் இல்லை. மாமியார் மனம் வருத்தப்படும் என்றால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பையன் போட ஆசைப்பட்டால் போடட்டும்; பலகாரம் சுட வேண்டும், புதுத்துணி எடுக்க வேண்டும் என்றெல்லாம் அதோடு சேர்க்க வேண்டாம். போட மனமில்லை என்றாலும் குற்றமில்லை. என் மனைவி இறந்த வருஷம் எங்கள் வீட்டில் ஸ்டார் போடவில்லை. டிசம்பர் பிறந்து இரண்டு மூன்று நாள் கழித்து ராத்திரி வாசல் கதவைச் சாத்தப் போனபோது திண்ணையில் சிவப்பு வெளிச்சம் கிடந்தது. அடுத்த வீட்டுக்காரர்கள் தங்கள் ஸ்டாரை வழக்கமாகத் தொங்கவிடுகிற முன்வாசலை விட்டு, எங்கள் சுவரை ஒட்டின வேப்பமரக் கிளையில் கட்டியிருந்தார்கள். அதைப் பற்றி அவர்களும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றைக்குக் கதவைச் சாத்தக் கொஞ்சம் நேரமாயிற்று.